இருபத்தொண்டைத் தாண்டினால்

எங்களுக்குக் காட்ஸ் எண்டால் 304 தான். அதில ஜாக்குக்கு 30 புள்ளி, ஏஸுக்கு வெறும் 11. பிளாக்ஜாக்கில் கதை வேற. பெயரிலேயே ஜாக் இருந்தாலும் ராஜா, ராணியைப் போல அதுக்கும் 10 தான். ஏஸை 1 ஆகவோ 11 ஆகவோ எண்ணலாம். 21ஐத் தாண்டாமல் டீலரை வெல்லவேணும்.

முதற் சம்பளத்தோட கொழும்பில கசினோவுக்குப் போகவிருந்த சிநேகிதனுக்காக, நெருப்புக்குச்சிகளைக் காசாக வைத்துப் பழகினோம். டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆகவேணும், வந்தால் நிக்கவேணும். பாவம், யோசிக்கிற சுதந்திரமே இல்லாத மனுசன் எண்டு சிரிச்சோம். பிறகு ஒருத்தி கேட்டாள்: "நாங்கள் தாண்டின உடனே குச்சி போகுது. பிறகு டீலரும் தாண்டினால்?"

போனது போனதுதான். எங்களை முதலில் எடுக்கவிடுற அந்த மரியாதையிலதான் கசினோவின்ர லாபமே கிடக்குது.

கையில 16, டீலரிட்ட 10 எண்டால் எடுக்கிறதுதான் சரியாம். ஆனால் 13 வகைக் காட்ஸில் 8 வகை எங்களைக் கவிழ்க்கும். சரியாக விளையாடியும் கனதரம் தோக்கிற இடம் அது.

சிநேகிதனிட்ட 40 குச்சியில 11 மிச்சம். "இன்னொருக்காப் போடுவமோ?" எண்டான். சம்பளத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.