அன்னபூரணி போய்ச் சேர்ந்த ஊருக்கு நாங்களும் போனோம்

சென்ற ஆண்டு ஆடி மாதம், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையில், பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து குளொஸ்டர் என்னும் மீன்பிடிப் பட்டினத்துக்குக் குடும்பமாகப் போய் வந்தோம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டனுக்கு வடக்கே உள்ள ஊர். எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 300 மைல். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டோம்.

"நியூ ஜேர்சியில் இல்லாத கடற்கரையா? ஏன் இவ்வளவு தூரம்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். காரணம் அம்மாதான். அவர் பிறந்து வளர்ந்தது வல்வெட்டித்துறையில். அந்த ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அன்னபூரணிக் கப்பலின் கதையைத் தன் தகப்பனாரின் வாயால் கேட்டு வளர்ந்தவர். அந்தக் கப்பல் கடைசியில் வந்து சேர்ந்த துறைமுகம் குளொஸ்டர் என்றும், அது காரில் போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது என்றும் நான் சொன்ன நாளிலிருந்து, "எப்ப மோனை கூட்டிக்கொண்டு போறாய்?" என்று கேட்டபடியே இருந்தார்.

கதை தெரியாத பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்னபூரணி வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். நீளம் 89 அடி. சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்தவரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937 ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏடன், சுயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் எல்லாம் கடந்து, 1938 ஆவணியில் குளொஸ்டரை அடைந்தது. அதைச் செலுத்தி வந்தவர்களில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு வந்த வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள். எங்களுக்கு முன்னரே எங்கள் ஊரவர் இந்தக் கரையில் கால் வைத்துவிட்டார்கள்.

மதியத்துக்குச் சற்று முன் குளொஸ்டர் போய்ச் சேர்ந்தோம். ஆங்கிலேயர் மீன்பிடிக்கவென்று 1623 இல் குடியேறிய ஊர் இது. காரை விட்டு இறங்கியதும் கருவாடும் உப்பும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அம்மா மட்டும் நன்றாக மூச்சை இழுத்து விட்டுச் சிரித்தார்.

துறைமுகத்தை அண்டிய வீதியில் கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. மழைச்சட்டை அணிந்த மீனவர் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 1925 இல் வைத்தது. அதைச் சுற்றி, கடலுக்குப் போய்த் திரும்பாத 5,368 பேரின் பெயர்களை ஆண்டு வாரியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1879 என்ற ஒரே ஆண்டில் மாத்திரம் 249 மீனவர்களும் 29 கப்பல்களும் போயிருக்கின்றன. மகள் ஒவ்வொரு பெயராக அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஆங்கிலப் பெயர்கள், போர்த்துக்கேயப் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள். 1991 ஆம் ஆண்டுப் புயலில் அன்ட்ரியா கெயில் என்ற படகோடு போன ஆறு பேரும் அதில் இருக்கிறார்கள். "இது படத்தில வந்த கப்பல் அல்லோ!" என்றான் மகன்.

அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சடலம் கிடைக்காத ஆக்களின்ர பேரையும் எழுதியிருக்கினமோ?"

"ஓம் அம்மா. இதில கனபேரின்ர சடலம் கிடைக்கேல்லை."

சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப எங்கட அண்ணன்ர பேர் எங்கை மோனை எழுதிக் கிடக்கு?" என்றார்.

அம்மாவின் தமையனார் 1964 மார்கழியில், இராமேஸ்வரத்தைத் தாக்கி, தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலின்போது கடலில் நின்றவர். அவரும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. அம்மம்மா கண்மூடும்வரை அவருக்குத் திவசம் செய்ய விடவில்லை. "அவன் எங்கையோ கரை சேர்ந்திருப்பான்" என்பாராம். பிறகு யுத்தம், இடப்பெயர்வு. வீட்டில் இருந்த ஒரேயொரு படமும் போய்விட்டது. என் மாமாவின் பெயர் ஒரு கடதாசியில்கூட எழுதப்படாமலே இருந்தது. அன்னபூரணியில் வந்தவர்களின் பெயர்கள் இன்றும் எங்களுக்குத் தெரிகின்றன என்றால், யாரோ அவற்றை எழுதி வைத்ததனால்தான். அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதே வீதியில் இன்னொரு சிலையும் உண்டு. 2001 இல் வைத்தது. ஒரு பெண் தன் பிள்ளைகளோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மீனவரின் மனைவிமாருக்காக எழுப்பியது. அம்மா அதன் அருகில் இருந்த வாங்கில்தான் அதிக நேரம் இருந்தார்.

பின்னேரம் போர்த்துக்கேய மீனவர்கள் கட்டிய மாதா கோயிலைப் பார்த்தோம். உச்சியில் மாதா ஒரு கையில் கப்பலை ஏந்தி நிற்கிறார். பழைய கோயில் 1914 இல் எரிந்துபோக, மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். அவர்களும் எங்களைப் போல் கடல் கடந்து வந்தவர்களே. சிசிலியிலிருந்து வந்த குடும்பங்கள் 1927 முதல் ஆனி மாதக் கடைசியில் புனித இராயப்பருக்கு விழா எடுக்கின்றன. கேட்டபோது எங்கள் இந்திரவிழா நினைவுக்கு வந்தது. வந்த இடத்திலும் தங்கள் தெய்வத்தையும் திருவிழாவையும் அவர்கள் கைவிடவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரான றொக்போர்ட்டுக்குப் போனோம். அங்கே துறைமுகத்தில் ஒரு சிவப்பு மீன்பிடிக் கொட்டில் இருக்கிறது. ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்த கொட்டில். 1978 பனிப்புயலில் அது அழிந்தபோது, அந்த ஆண்டே முன்பு இருந்தபடியே கட்டிவிட்டார்கள். எங்கள் மயிலிட்டித் துறைமுகம் 1990 இல் மக்கள் கையைவிட்டுப் போய், 2017 ஆடியில்தான் திரும்பக் கிடைத்தது. அம்மா அந்தக் கொட்டிலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

திரும்பும் வழியில் இப்சுவிச் என்ற ஊரில் காசில் ஹில் மாளிகையைப் பார்த்தோம். றொபின்சனின் மனைவி புளோரன்ஸின் தகப்பனார் 1928 இல் கட்டி முடித்தது. எங்கள் ஊர்க் கப்பலுக்குத் தன் பெயரைக் கொடுத்த பெண்ணின் வீடு என்று சொன்னதும், பிள்ளைகள் ஓடியோடிப் பார்த்தார்கள். கீழே நீண்ட வெண்மணல் கரை. கோடையிலும் தண்ணீர் நன்றாகக் குளிரும். சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

கார் இல்லாத குடும்பங்களும் போகலாம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூ யோர்க், அங்கிருந்து அம்ட்ராக் ரயிலில் பொஸ்டன். அங்கே பாக் பே நிலையத்தில் இறங்கி, செம்மஞ்சள் வழிச் சுரங்க ரயிலில் நோர்த் ஸ்டேஷன் போனால், றொக்போர்ட் ரயில் குளொஸ்டரில் நிற்கும்.

வீடு வந்த அன்றிரவு அம்மா மகளைக் கூப்பிட்டு, "ஒரு கொப்பியும் பேனையும் எடு பிள்ளை" என்றார். தனக்குத் தெரிந்து கடலில் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்னாரின் மகன், இன்ன ஒழுங்கை, இன்ன ஆண்டு. மகள் தன் தடுமாறும் தமிழில் எழுதினாள். முதல் பெயர் மாமாவுடையது. அன்று பதினொரு பெயர். பிறகு ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் தொலைபேசி எடுத்து விசாரித்து, இப்போது இருபத்துமூன்று ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு அப்பம்மாவோ அம்மம்மாவோ இருப்பார். கடலோ, காடோ, யுத்தமோ கொண்டுபோனவர்களின் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த விடுமுறையில் ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

சென்ற மார்கழியில், மாமாவுக்கு முதல்முறையாக வீட்டில் படைத்தோம். படம் இல்லாதபடியால், அவர் பெயர் எழுதிய பக்கத்தை விரித்து அதன் முன்னால் விளக்கேற்றினார் அம்மா.