இரண்டு லோக்கல்களுக்கு நடுவே

செம்பூரில் நிசப்தம் என்பது ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு மேல் கிடைக்கிற சரக்கு. கடைசி ஹார்பர் லைன் லோக்கல் போய், முதல் லோக்கல் வருவதற்குள் உபயோகித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு ஸ்டேஷனுக்கு அத்தனை பக்கம். ஃபிரிட்ஜை அணைத்து, ஜன்னலில் ரஜாயைத் தொங்கவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, 83 வயது அம்மாவை மைக் முன்னால் உட்கார வைத்தேன். மே மாதம்.

"இது பாட்டா, தண்டனையாடா?" என்றாள் அம்மா.

அவளிடம் இருப்பவை நலங்குப் பாட்டுகளும் ஊஞ்சல் பாட்டுகளும். பாலக்காட்டில் தன் பாட்டியிடம் கேட்டுப் பாடம் செய்தவை. கீர்த்தனை என்றால் புத்தகம் இருக்கிறது, ஸ்வரம் இருக்கிறது, இங்கே ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் போய் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் பாடிவிடுவார். சம்பந்தியைக் கிண்டல் செய்கிற இந்தப் பாட்டுகளை யார் பாடுவார்கள்? எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் இப்போது ஊஞ்சலுக்கு சினிமாப் பாட்டு போடுகிறார்கள். மொத்தம் பதினைந்து பாட்டு தேறும் என்பது அம்மாவின் கணக்கு.

எனக்கு ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டிருந்தது. 2006இல் அப்பாவின் மிருதங்கத்தைப் பதிவு செய்தேன். சேடா நகர் முருகன் கோயில் பஜனைக்கு வாசித்துப் பழகிய கை. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் நாற்பது நிமிடம். 2011இல் அப்பா போனார். சில வருடம் கழித்து வேறு கம்ப்யூட்டரில் திறக்கப் போனால் உரிமம் காலாவதி என்றது. அந்தப் பதிப்பையே கம்பெனி கைவிட்டுவிட்டதாம். புதிய பதிப்போ பழைய கோப்பை யாரோ அன்னியர் போலப் பார்த்தது. அன்றே சாதாரண ஒலிக் கோப்பாக ஒரு பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், உள்ளே இருப்பது என் அப்பாவின் விரல்கள். அதைக் கேட்க நான் எவனிடமோ அனுமதி வாங்க வேண்டுமா?

இந்தப் புலம்பலைக் கேட்ட மேல் மாடி மராத்திப் பையன், "அங்கிள், லினக்ஸ் போட்டுத் தரட்டுமா?" என்று ஒரு பென் டிரைவோடு வந்தான். பரணில் கிடந்த பழைய லேப்டாப்பில் உபுண்டு ஸ்டுடியோ ஏறியது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்ததுதான் லினக்ஸ் என்பது எனக்குத் தெரியும். அதில் பாட்டுப் பதிவு செய்ய ஆர்டர் என்று ஒரு மென்பொருள் இருப்பது தெரியாது. அதை ஆரம்பித்தவர் பால் டேவிஸ். அமேசான் தொடங்கிய காலத்தில் அங்கே முதன்முதலில் புரோகிராம் எழுதியவர்களில் ஒருவர். கடை விரிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் இந்தச் சரக்கின் செய்முறையை எல்லோரும் படிக்கும்படி வைத்துவிட்டார்.

இலவசம் என்பதற்காக நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆர்டர் சேமித்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். பாடியதெல்லாம் தனித்தனி 'வேவ்' கோப்புகளாக உள்ளே கிடந்தன. எந்தக் கம்ப்யூட்டரிலும் பாடும். எது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே வெட்டியது என்ற விவரமெல்லாம் வெறும் எழுத்தில், கண்ணால் வாசிக்கும்படி. நாளைக்கு ஆர்டரே இல்லாமல் போனாலும் அம்மா இருப்பாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் தூக்கம் போயிற்று. சுருதிப் பெட்டியின் சத்தம் பதிவில் கலக்கக் கூடாது என்று ஹெட்ஃபோனில் கொடுத்தேன். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய ஆடியோ இன்டர்ஃபேஸில் பாடுவதை நேராகக் கேட்கும் வசதி கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் திரும்பும். நாலு வார்த்தை பாடிய அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். "ஆரோ எனக்குப் பின்னாடி பாடறாடா. என்னைக் கேலி பண்றாப்ல இருக்கு."

கம்ப்யூட்டர் ஒலியை விநாடிக்கு 48,000 துணுக்குகளாக நறுக்குகிறது. ஆனால் துணுக்குத் துணுக்காகக் கையாளாது, பக்கெட் நிறைந்த பிறகுதான் தூக்கும். என் பக்கெட்டின் கொள்ளளவு 1024. அப்படி இரண்டு பக்கெட் நிறைந்து போய் வருவதற்குள் 40 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிவிடும். ஐம்பதடி தள்ளி ஒருத்தி பாடுவது போல. 128க்குக் குறைத்தால் ஆறடிக்கு வந்துவிடலாம். குறைத்தேன். எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று வெடித்தது. சின்னப் பக்கெட்டை நேரத்துக்குத் தூக்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டுமே! மேல் மாடிப் பையன் வந்து, என் பெயரை 'ஆடியோ' என்ற குழுவில் சேர்த்து, ஒலிக்கு முன்னுரிமை வாங்கித் தந்த பிறகுதான் அடங்கியது. ரேஷன் கார்டில் பெயர் சேர்த்த சந்தோஷம். இதற்கு மூன்று சாயங்காலம் போயிற்று. லினக்ஸ் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நேரந்தவறாமைக்காகத் தனியே வளர்ந்துவந்த ஒட்டுவேலைகள், இருபது வருட உழைப்புக்குப் பிறகு 2024இல்தான் லினக்ஸின் மூலக் கருவில் முழுதாக இடம்பிடித்தன.

அடுத்தது என் அதிகப்பிரசங்கித்தனம். சுருதியைத் தானாகச் சரிசெய்யும் ஒரு கருவியை அம்மாவின் குரல்மேல் ஓட்டினேன். அதற்குத் தெரிந்தது ஹார்மோனியக் கட்டைகள் பன்னிரண்டு மட்டும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே அம்மா வழுக்கிப் போகிற இடமெல்லாம் அதன் கணக்கில் பிழை. இழுத்து இழுத்துக் கட்டையில் உட்கார வைத்தது. கேட்ட அம்மா, "நன்னா பாடறா. யாரு?" என்றாள். அழித்துவிட்டேன்.

இரைச்சலையும் கழித்துப் பார்த்தேன். ஆடாசிட்டியில் வெறும் இரைச்சலை மட்டும் மாதிரி காட்டினால், அதே சாயலில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடும். எடுத்தது. கூடவே அம்மா அடிகளுக்கு நடுவில் மூச்சு வாங்குவதையும் எடுத்தது. அந்த மூச்சு இல்லாமல் குரலுக்கு வயசே தெரியவில்லை. எனக்கு வேண்டியது முப்பது வயதுக்காரியின் பாட்டு இல்லையே.

பதினோரு பாட்டு ஆயிற்று. பதினோராவதில், மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற இடத்தில், ஒரு அடி மறந்துபோய் அம்மா நின்றுவிட்டாள். யோசிக்கிறாள், விரல் மட்டும் தொடையில் தாளம் போடுகிறது. அதற்குள் முதல் லோக்கல் வந்துவிட்டது. வண்டி போகிறவரை காத்திருந்து, அடி ஞாபகம் வந்து, "ஆங்!" என்று தொடர்ந்தாள். ரயில், யோசனை, "ஆங்" எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது.

இன்னும் நாலு பாட்டு. ஜூனில் மழை பிடித்ததிலிருந்து தகரக் கூரைச் சத்தத்தில் மைக்கைத் திறக்க முடியவில்லை. அம்மாவுக்கு இருமல் வேறு. "கணபதி வரட்டும், பாடறேன்" என்கிறாள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று வார்த்தைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.