ரப்பருக்குள் ஒருவர்

1966இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த அல்ட்ராமேனின் முதல் சில பகுதிகளில், நாற்பது மீட்டர் உயர நாயகனின் வாயோரம் சுருக்கம் விழுந்திருக்கும். பேசினால் வாய் அசைய வேண்டும் என்று முகத்தை ரப்பரால் போர்த்தியிருந்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. பின்னால் கெட்டியான முகமூடிக்கு மாறினார்கள். எனக்கென்னவோ அந்தச் சுருங்கிய முகத்தைத்தான் பிடிக்கும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ரப்பரை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அம்மா விடியுமுன் மர நிரைக்குப் போய் மரம் சீவுவார். மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமப்பார். பள்ளி இல்லாத நாளில் நாங்களும் கூடப் போய், பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவோம். அந்த வாடை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. சாயங்காலம் தோட்டக் கணக்கரான கிராணி வீட்டு ஜன்னலோரம் நின்று டிவி பார்க்கும்போது, அல்ட்ராமேனோடு மோதும் அரக்கன் முழங்கையை மடக்கினால் தோல் மடிப்பு மடிப்பாக விழும். "ரப்பர்டா!" என்று லயத்துப் பையன் எவனாவது கத்துவான். அதனால் பயம் குறைந்துவிடவில்லை. அப்போது உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு எங்களுடையது. ஆகவே அரக்கன் எங்கள் தோட்டத்துப் பாலில் செய்ததுதான் என்று பந்தயம் கட்டுவோம். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் ஒப்புக்கொண்டதில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கு மாறிய பிறகு, ஈப்போவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் குடியேறினோம். அங்கேதான் அம்மாவும் என்னோடு உட்கார்ந்து ஓர் அல்ட்ராமேன் படம் பார்த்தார். காரணம், அதில் ஆஞ்சநேயர் வருகிறார். 1974இல் தாய்லாந்தின் சாயோ நிறுவனமும் ஜப்பானின் சுபுராயா நிறுவனமும் சேர்ந்து எடுத்த படம். புத்தர் சிலையின் தலையைத் திருடியவர்கள், தடுக்க வந்த சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். அல்ட்ராமேன்களின் தாய் அவனை அனுமனாக உயிர்ப்பிக்கிறாள். பூமியை நெருங்கிவிட்ட சூரியனிடம் போய், தள்ளிப்போகும்படி அனுமன் கேட்கும் இடம்வரை அம்மா கைகூப்பாத குறைதான். சிறுவயதில் அதே சூரியனைப் பழமென்று பறிக்கப் பாய்ந்தவராயிற்றே! பிறகு அனுமனும் ஆறு அல்ட்ரா சகோதரர்களும் ஓர் அரக்கனைச் சூழ்ந்துகொண்டு, தோலும் சதையும் பிய்த்து எலும்புக்கூடாக்கினார்கள். "என்னடா இது, கசாப்புக் கடை மாதிரி?" என்றார். எனக்கும் அந்தக் கட்டம் பிடிக்காது. ஒருவனை எத்தனை பேர் அடிப்பது! படத்தைச் சேர்ந்து எடுத்தவர்கள் பின்னாளில் அல்ட்ராமேன் உரிமைக்காக ஜப்பான், தாய்லாந்து, அமெரிக்கா என்று நீதிமன்றப் படி ஏறியது தனிக் கதை.

அம்மா கேட்ட இன்னொரு கேள்விதான் விடவில்லை: "உள்ள இருக்கிற ஆளுக்கு மூச்சு முட்டாதா?"

முட்டியிருக்கும். 1954இல் காட்ஸில்லாவுக்குள் இருந்த ஹருவோ நகஜிமா சுமந்த முதல் உடை ஏறத்தாழ நூறு கிலோ. அல்ட்ராமேன் தொடரில் நெரோங்கா என்ற அரக்கனுக்குள்ளும் அவர் இருந்தார். எதிரே அல்ட்ராமேனுக்குள் நின்றவர் பின் ஃபுருயா என்ற நடிகர். நெடிய கைகால்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். கதைப்படி அல்ட்ராமேனால் பூமியில் மூன்று நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும். சூடேறும் விளக்குகளின் கீழ் ரப்பருக்குள் நின்றவருக்கு அதுவே அதிகம் என்று நினைக்கிறேன். தொடர் முழுக்க அவர் முகம் யாருக்கும் தெரியாது. ரப்பர் விலை ஏறிய நாளிலும் சரி, இறங்கிய நாளிலும் சரி, செய்தித்தாளில் மரம் சீவியவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

ஃபுருயாவுக்காவது 1967இல் விடிவு வந்தது. அடுத்த தொடரான அல்ட்ராசெவனில் அமாகி என்ற படைவீரராகச் சொந்த முகத்தோடு நடித்தார். 2022இல் வந்த 'ஷின் அல்ட்ராமேன்' படத்தில் நாயகனின் உடல் கணினியில் பிறந்தது. அதற்கு அசைவு கொடுத்தவர்களில் அப்போது எழுபதைத் தாண்டியிருந்த ஃபுருயாவும் ஒருவர். கடைசியில் ஓடிய பெயர்ப்பட்டியலை நிறுத்தி மகனிடம் காட்டினேன். "இந்தத் தாத்தாவா சண்டை போட்டாரு?" என்றவன், அரக்கனுக்கு யார் என்று கேட்டான்.