வேன் எங்கேன்னு கேட்டவங்களுக்கு



"வேனுக்குக் காசு கொடுத்து மூணு மாசம் ஆச்சு, வேன் எங்கே?" கோயில் வாசல்ல கேட்டீங்க, வாட்ஸ்அப் குழுவுல கேட்டீங்க, போன வாரம் அன்னதான வரிசையிலயும் கேட்டீங்க. கேக்க வேண்டிய கேள்விதான், உங்க காசு. வேன் நேத்து சாயங்காலம் வந்துருச்சு. பளபளன்னு இருந்த முதல் வேனை ஏன் வேணாம்னு சொன்னோம், சாயம் மங்கின இதை ஏன் எடுத்தோம்னு நாங்க பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல எங்க தப்பு ஒண்ணை ஒத்துக்கணும்.

பங்குனி உத்திரத்துக்கு மாரான் போயிட்டு வந்தப்போ பழைய வேன் கெந்திங் செம்பா இறக்கத்துல பிரேக் பிடிக்காம போனது பலருக்குத் தெரியும். ஓட்டின அண்ணன் கியரைக் குறைச்சு, சிக்னல் விளக்கைப் போட்டு, ஓரமா கொண்டு வந்து நிறுத்தினார். உள்ள பதினொரு பேர். முருகன் காப்பாத்தினான்னு எல்லாரும் சொன்னோம். அது உண்மைதான். ஆனா பட்டறையில சக்கரத்தைக் கழட்டிப் பாத்தப்போ பின்பக்க பிரேக் ரெண்டும் எண்ணெய் கசிஞ்சு ஊறிக் கிடந்துச்சு. அது ஒரு நாள்ல வந்த கோளாறு இல்லன்னு மெக்கானிக் சொன்னார்.

அந்த வேனை நாங்க வாங்கினப்போ, "பரிசோதனை எல்லாம் நானே பாத்துக்குறேன், நீங்க வரவே வேணாம்"னு வித்தவர் சொன்னார். எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டோம். காடியை எடுத்துட்டுப் போனது யாரு, எப்படி பாஸ் ஆச்சு, அதுக்கு முன்னாடி எத்தனை தடவை பெயில் ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. 'லுலுஸ்'னு போட்ட ஒரு தாளைப் பாத்துட்டு மாலை போட்டோம். அன்னிக்கு முன் இருக்கையில இருந்த பாட்டி இப்ப எங்க கூட எந்தப் பயணத்துக்கும் வர்றதில்ல. "நீங்க போயிட்டு வாங்கய்யா"ன்னு சிரிச்சுட்டே சொல்றாங்க. அந்தச் சிரிப்பை எங்களால பாக்க முடியல.

அதனால இந்த தடவை அவசரப்படல.

முதல்ல பாத்த வேன் ஒரு பழைய காடி கடையில. டீசல், குளிர்சாதனம் சில்லுன்னு இருந்துச்சு, இருக்கை எல்லாம் புதுசு, விலை 23,000 வெள்ளி. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்துல டீசல் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறினதுல இருந்து டீசல் வேனை யாரும் கேக்கறதில்ல, அதான் இந்த விலைன்னு தவுக்கே சொன்னார். பேர் மாத்தறதுக்கான பி5 பரிசோதனை நாலு நாளைக்கு முன்னாடிதான் பாஸ் ஆகியிருந்துச்சு. தாளும் சுத்தமா இருந்துச்சு. எங்கள்ல பாதி பேர் அப்பவே முன்பணம் கொடுக்கலாம்னு சொன்னோம்.

எங்க குழுவுல லோரி பட்டறையில வேலை செய்யற தம்பி ஒருத்தர் இருக்கார். அவர் குனிஞ்சு டயரைத் தடவிப் பாத்தார். உள் ஓரம் மொழுமொழுன்னு தேஞ்சிருந்துச்சு. "இந்த டயர்ல நாலு நாளைக்கு முன்னாடி பாஸ் ஆகியிருக்காது. நட்டுல பாருங்க, புதுக் கீறல்"னார். பரிசோதனைக்கு நல்ல டயரை மாட்டிட்டுப் போய், வந்ததும் கழட்டிடற ஆளுங்க இருக்காங்களாம். பழைய டீசல்ல பம்ப் திருகைக் குறைச்சு அன்னிக்கு மட்டும் புகையை அடக்கறதும் உண்டாம்.

கெரானை வாங்கிப் பாத்தோம். உடல் வகைன்னு இருக்கற இடத்துல 'வேன் பானல்'. அதாவது சாமான் ஏத்தற வேன். அதுல ஆள் உக்கார இருக்கை போட்டிருக்காங்க, ஜேபிஜே அனுமதித் தாள் கேட்டா இல்ல. தாள்ல சாமான் வேன், உள்ள பக்தர்கள். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்கிட்ட எந்த முகத்தோட போய் நிப்போம்?

மறுநாள் சொல்லாம கொள்ளாம காலையில ஏழரைக்குப் போய் நின்னோம். முதல் நாள் நாங்க போனப்போ என்ஜின் ஏற்கெனவே சூடா இருந்துச்சு, அது தம்பிக்கு உறுத்திட்டே இருந்துச்சு. குளிர்ந்த என்ஜினை முடுக்கினதும் வெள்ளைப் புகை கடை முழுக்க நிறைஞ்சுது. கைகூப்பிட்டு வந்துட்டோம். கடைக்காரரையே நாங்க குத்தம் சொல்லல. ஒரு தாளை மட்டும் பாத்து வாங்க ஆள் இருக்கற வரைக்கும் விக்கவும் ஆள் இருப்பாங்க. போன தடவை அந்த ஆள் நாங்கதான்.

ரெண்டாவது வேன் ஒரு ஐயாவோடது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களை வருஷக்கணக்கா ஏத்தினவர், முட்டி வலியால நிறுத்திட்டார். நம்ம நாட்டுல சொந்தக் காருக்கு வழக்கமா பேர் மாத்தும்போதுதான் பரிசோதனை. பள்ளி வேன் மாதிரி வணிக வாகனங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. "அந்தத் தாள் எல்லாம் இருக்கா ஐயா?"ன்னு கேட்டோம். உள்ள போய் ஒரு மைலோ டின்னை எடுத்துட்டு வந்தார். எல்லாமே தேதி வாரியா, ரப்பர் பேண்ட் போட்டு.

பசியாறிட்டே ஒவ்வொண்ணா விரிச்சோம். அதுல ரெண்டு 'காகால்', பெயில் ஆனது. ஒண்ணு புகை. டீசல் காடியை நிறுத்தி வெச்சு எண்ணெயை முழுசா மிதிச்சு, புகை எவ்வளவு அடர்த்தியா வருதுன்னு கருவியில அளப்பாங்க. 50 எச்எஸ்யூ தாண்டினா பெயில். இன்னொண்ணு பின் பிரேக், இடது வலது சமமா பிடிக்கல. உருளை மேல சக்கரத்தை ஓட விட்டு அளக்கறப்போ அது தெரிஞ்சுடும். ரெண்டு தாளுக்குப் பின்னாடியும் பட்டறை பில் பின் பண்ணியிருந்துச்சு, அதுக்குப் பின்னாடி திரும்பப் போய் பாஸ் ஆன தாள். பில்லுல எழுதியிருந்த கிலோமீட்டரை வரிசையா வெச்சுப் பாத்தோம், மீட்டரோட ஒத்துப் போச்சு.

"பெயில் ஆனதை எதுக்கு ஐயா வெச்சிருக்கீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமே"ன்னு கேட்டோம்.

"மத்தவங்க பிள்ளைங்களை ஏத்தறோம் தம்பி. எது எப்ப கெட்டுச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

எங்கள்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல.

அதுக்காகக் கண்ணை மூடிட்டு வாங்கல. 2021 டிசம்பர் வெள்ளத்துல சிலாங்கூர்ல எத்தனை காடி முழுகுச்சுன்னு நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டை முழுசா இழுத்து சேத்துக் கறை இருக்கான்னு பாத்தோம், இருக்கைக்கு அடியில துரு இருக்கான்னு பாத்தோம். சேஸிஸ் எண், என்ஜின் எண் கெரானோட ஒண்ணா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தோம். கெரான்ல பேங்க் பேர் இல்ல, சம்மன் பாக்கியும் இல்ல. விலை 18,500. டயர் நாலு, பிரேக் வேலை, நாசல் சுத்தம் எல்லாம் சேத்து 2,900. ஆக 21,400 வெள்ளி. மிச்சம் இன்சூரன்ஸுக்கும் சாலை வரிக்கும்.

நாள் ஆனது எதுக்குன்னா, பள்ளி வேன் பெர்மிட்டை ரத்து செஞ்சு, பயன்பாட்டு வகையை ஜேபிஜேல மாத்தி, திரும்பப் பரிசோதனைக்குப் போகணும். இந்த தடவை நாங்களே போய் வரிசையில நின்னோம். முதல் தடவை பெயில், முன் விளக்கு ஒளி ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. சரி பண்ணிட்டுத் திரும்பப் போனோம், பாஸ். அந்தப் பெயில் தாளையும் மைலோ டின்லதான் போட்டிருக்கோம். டின்னை ஐயா எங்களுக்கே கொடுத்துட்டார்.

டின் கோயில் ஆபீஸ் அலமாரியில இருக்கு. காசு கொடுத்தவங்க, கொடுக்காதவங்க யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம். வேற கோயில்ல வேன் வாங்கப் போறவங்க இருந்தா, தாள் பாஸா பெயிலான்னு மட்டும் பாக்காதீங்க, பழைய தாள் எல்லாத்தையும் கேளுங்க. பரிசோதனைக்கு நீங்களே கூடப் போங்க. காலையில, என்ஜின் குளிர்ந்திருக்கறப்போ போய்ப் பாருங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜைக்கு அப்புறம் வேனுக்குத் தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு எடுக்கறோம். பாட்டி வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். ஏறச் சொல்லிக் கேக்கல, பூஜைக்கு வாங்கன்னு மட்டும்தான் சொன்னோம். "பிரேக்கைப் பாத்தீங்களாய்யா?"ன்னு கேட்டாங்க. பாத்தோம் பாட்டின்னோம்.

வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்க.

முருகா சரணம்.