அம்மாவே போடுகிற டிவி

எங்கள் வீட்டு டிவி செத்தபோது திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது. பிக்சர் டியூப் டிவி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கோடு தெரியும். படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் சர்க்யூட் போய்விட்டால் மொத்தப் படமும் நசுங்கிக் கோடாகிவிடும். சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அம்மா அந்தக் கோட்டை வைத்துக்கொண்டே ஒன்பது நாள் சீரியல் கேட்டாள். பத்தாவது நாள்தான் எனக்கு போன் செய்து சொன்னாள்.

மெக்கானிக் வந்து பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மாத்தலாம்மா. ஆனா டியூபும் வீக் ஆயிருச்சு. போட்ட காசுக்கு ஆறு மாசம் ஓடுனா பெருசு" என்றாராம். அப்பா 2003இல் வாங்கிய 21 இன்ச். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது.

மதுரையில் அந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். நான் சென்னையில், அண்ணன் ஓசூரில். அம்மாவுக்கு டிவி என்பது காலையில் சுப்ரபாதம், மத்தியானம் தையல் மெஷினுக்கு எதிரே ஓடும் பழைய படம், ஆறு மணியிலிருந்து சீரியல். எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பாள் என்றில்லை. "வீட்டுல ஒரு ஆள் பேசுற சத்தம் வேணும்ல" என்பாள். இதை அவள் வருத்தமாகச் சொல்வதில்லை. குழம்புக்கு உப்பு வேணும்ல என்பதுபோலத்தான் சொல்வாள்.

பட்ஜெட்டை அவளே சொன்னாள். முப்பதாயிரம். பிளவுஸ் தைத்துக் கட்டிவந்த ஏலச்சீட்டில் எடுத்த பணம்.

அண்ணன் போனில் உடனே கணக்குப் போட்டான். "நான் இருபது தர்றேன். 55 இன்ச் க்யூஎல்இடி வாங்கிரலாம். பொங்கலுக்கு வர்றப்ப பிள்ளைங்களும் பாக்கும்." அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "உன் காசு போட்டா அது உன் டிவிடா. நான் அதைத் தொடச்சு வச்சுக்கிட்டு இருக்கணும்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லதுக்குச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தனியாகப் போன் போட்டுப் புலம்பினான். "அவங்களுக்கு டிவியப் பத்தி என்ன தெரியும்? நீ பாத்து நல்லதா வாங்கு" என்றான். இந்த 'நல்லது' யாருக்கு நல்லது என்பதுதான் அடுத்த இரண்டு வாரமும் நாங்கள் போட்ட சண்டை.

முதலில் அளவு. டிவியின் இன்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது. பழைய டிவி நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் கிட்டத்தட்டச் சதுரம். இப்போது வருவது பதினாறுக்கு ஒன்பது. அதனால் 32 இன்ச் என்று கேட்டால் பழைய 21ஐவிட ரொம்பப் பெரிதாகத் தோன்றும். உயரத்தில் பார்த்தால் ஏறக்குறைய மூன்று இன்ச்தான் கூடுதல். 43 இன்ச் என்றால் அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் மேல், உயரம் 21 இன்ச். 55 என்றால் நாலடி அகலம். எங்கள் ஹாலில் டிவி வைக்கும் சுவருக்கும் அம்மாவின் நாற்காலிக்கும் நடுவே எட்டடி. அம்மா தையல் டேப்பை எடுத்துச் சுவரில் வைத்து 55ஐ அளந்து பார்த்தாள். அப்பா போட்டோவைக் கழற்ற வேண்டியிருந்தது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள். 55 பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

விலையில் ஒரு சின்ன அதிர்ஷ்டம் இருந்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு முன்பு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆனது. வரி சேர்க்காமல் 25,000 ரூபாய் உள்ள டிவி முன்பு 32,000 வரும், இப்போது 29,500. அம்மாவின் சீட்டுப் பணத்துக்குள் 43 இன்ச் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம்.

ஷோரூம் சுவரில் முப்பது டிவி ஒரே நேரத்தில் ஓடும்போது நம் கண் எதை நம்பும் என்பது ஒரு விசித்திரமான விஷயம். கிளி, எரிமலை, தேன் சொட்டும் பழம். எல்லாம் அந்த டிவிகளுக்கென்றே எடுத்த வீடியோ. கடையின் வெளிச்சத்தில் தனித்துத் தெரிவதற்காக வெளிச்சத்தையும் நிறத்தையும் கடைசிவரை ஏற்றி வைத்திருப்பார்கள். எந்த வீட்டிலும் யாரும் அப்படி வைத்து மூன்று மணி நேரம் படம் பார்க்க முடியாது. அந்தச் சுவரில் நன்றாக இருப்பதற்கும் எட்டடி ஹாலில் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பெயர்களும் குழப்பும். எல்இடி டிவி என்பது எல்சிடி திரைக்குப் பின்னால் எல்இடி விளக்கு வைத்தது. க்யூஎல்இடி என்பதும் அதேதான். நிறம் கூடுதலாகத் தெரிய நடுவில் ஒரு படலம் சேர்த்திருப்பார்கள். ஓஎல்இடியில்தான் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டு நிஜமாகவே இருட்டாக இருக்கும். ஆனால் முப்பதாயிரத்துக்கு அது வராது. இந்த விலையில் பெட்டியின் மேல் எச்டிஆர் என்று எழுதியிருந்தால், அந்த மாதிரி வீடியோவை டிவி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும் அர்த்தம். அதைக் காட்டும் அளவு வெளிச்சம் பெரும்பாலும் அதற்குள் இருக்காது.

நான் இதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். அம்மா எதையும் படிக்கவில்லை. கடைக்காரப் பையன் ஒரு 43 இன்ச்சைக் காட்டிப் பேச ஆரம்பித்ததும் அம்மா நேரே நிற்காமல் இடது பக்கமாக நடந்து, சுவரோரம் போய் நின்று எட்டிப் பார்த்தாள். "இங்குட்டு இருந்து பாத்தா வெளுத்துப் போகுதே தம்பி" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா டிவியை நேராகப் பார்ப்பதே குறைவு. அடுப்படி வாசலில் அருவாமனையைப் போட்டுக் காய் நறுக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் பார்ப்பாள். எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு பெரிய வகை உண்டு. விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் போகப் போக நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூக்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் முகமாகத் தெரியும். நான் படித்த கட்டுரைகள் எல்லாம் விஏ வாங்கு என்றன. அவற்றை எழுதியவர்கள் விளக்கை அணைத்துவிட்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள். அடுப்படி வாசல் அவர்கள் வீட்டு வரைபடத்தில் இல்லை.

அடுத்து அம்மா கேட்டது: "இந்தக் கிளியெல்லாம் வேணாம். நியூஸ் வைங்க."

பையன் கடையிலிருந்த செட்டாப் பாக்ஸை மாட்டி ஒரு சாதாரணச் சேனலை வைத்தான். படம் மங்கலாக, முகத்தில் தண்ணீர் தெளித்ததுபோல வந்தது. இதைக் கடையில் யாரும் தாமாகக் காட்ட மாட்டார்கள். எச்டி அல்லாத சேனலின் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. அனுப்பிய ஒரு புள்ளியை டிவி தானே இருபதாக்கிப் பரப்ப வேண்டும். பழைய பாக்ஸோடு புது டிவியை மாட்டி, "பழசுலயே நல்லாத் தெரிஞ்சுச்சே" என்று சொல்லும் அம்மா அப்பாக்கள் பொய் சொல்லவில்லை. ஆகவே எச்டி பாக்ஸுக்கும் முப்பதாயிரத்திலிருந்தே காசு ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பிறகு சத்தம். அம்மாவுக்கு வலது காது மந்தமாகி வருகிறது. பழைய டிவியில் ஸ்பீக்கர் முன்பக்கம், நம்மைப் பார்த்தபடி இருந்தது. இப்போதைய டிவி விரல் தடிமன். ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் அடியில் தரையைப் பார்த்தபடியோ பின்னால் சுவரைப் பார்த்தபடியோ வைத்துவிடுகிறார்கள். வாட் எண் கூடுதலாக இருந்தாலும் பேச்சு தெளிவாக வருமென்று சொல்ல முடியாது. அம்மா திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். நான் மூன்று டிவிகளில் அதே செய்தியை ஒவ்வொன்றாக வைத்தேன். வாசிக்கிறவர் சொல்வதை அவள் அப்படியே திரும்பச் சொன்னாள். ஒன்றில் "தேனி" என்றது "தோணி" ஆனது. அதை ஒதுக்கினோம். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்தது.

கடைசியாக அம்மா பையனிடம் கேட்டாள். "இத நான் தனியாப் போட முடியுமா?"

"ரிமோட் இருக்கும்மா. வாய்ஸ்லயே சொல்லலாம்."

"வாய்ஸ் வேணாம். அமுக்குனா படம் வருமா?"

அவன் அமுக்கினான். கம்பெனி பெயர் வந்தது. பிறகு ஒரு பக்கம் முழுக்க ஏதேதோ படங்கள், விளம்பரங்கள், சந்தா கட்டச் சொல்லும் கட்டங்கள். சேனல் எங்கேயும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பேங்க் ஏடிஎம்மிலும் ஆஸ்பத்திரி டோக்கன் மெஷின் முன்னாலும் பார்த்திருக்கிறேன்.

டிவி 'போடுவது' என்பது ஒரு காலத்தில் வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை. அதற்கும் முன்னால் அதுவும் இல்லை. மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975இல் வந்தபிறகும் எங்கள் ஊர்ப்பக்கம் பெண்கள் பல வருஷம் அடுத்த வீட்டு ஜன்னலில் நின்றுதான் பார்த்தார்கள். போடுவதும் அணைப்பதும் அந்த வீட்டுக்காரர் கையில். 2006 தேர்தலுக்குப் பிறகு ரேஷன் கார்டுக்கு 14 இன்ச் கலர் டிவி இலவசமாகக் கொடுத்தபோது எங்கள் தெருவிலும் வந்தது. இலவசம் சரியா தப்பா என்று எவ்வளவோ விவாதித்தார்கள். எதிர்வீட்டு அக்கா அன்று சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இனிமே எவ வீட்டு வாசல்லயும் நிக்க வேணாம்." அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான்தான். அமுக்கினால் படம்.

இன்றைக்கு அம்மாக்கள் மறுபடி வாசலில் நிற்கிறார்கள். பிள்ளை வரவேண்டும், பாஸ்வேர்டு போட வேண்டும், அப்டேட் முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "அந்த அம்புக்குறிய அமுக்கும்மா, இல்ல, கீழ" என்று நாம் கத்துகிறோம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு அவர்கள் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள்.

நான் ரிமோட்டை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனேன். சில டிவிகளில், ஆன் செய்ததும் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் கடைசியாகப் பார்த்த எச்டிஎம்ஐக்கே போகும்படி வைக்க முடியும். பாக்ஸை ஆன் செய்தால் டிவியும் சேர்ந்து ஆன் ஆகும்படியும் வைக்கலாம். அப்படியானால் அம்மாவுக்கு ஒரே ரிமோட் போதும், ஒரே பொத்தான். பையன், "இதெல்லாம் யாரும் கேட்டதில்ல மேடம்" என்றான். ஒரு டிவியில் அந்த வசதியே இல்லை. இன்னொன்றில் இருந்தது. அம்மாவின் கையில் கொடுத்து நான்கு தடவை அணைத்துப் போடச் சொன்னேன். நான்கு தடவையும் நேராக நியூஸ் வந்தது.

அதுதான் வாங்கினோம். 43 இன்ச், பக்கவாட்டில் வெளுக்காத திரை, 26,990 ரூபாய். எச்டி பாக்ஸ் 1,600. மீதி 1,410 ரூபாயை அம்மா சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மாட்டியதும் நான் படித்த படிப்பைக் கொஞ்சம் காட்டினேன். கடைக்காரர் வைத்த பளபளப்பு மோடை மாற்றி சினிமா மோடில் வைத்தேன். படம் எடுத்தவர்கள் பார்த்த நிறத்துக்கு அதுதான் நெருக்கம். அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" நான் வெள்ளை நிறத்தைப் பற்றி விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி, நீ ஊருக்குப் போனப்புறம் மாத்திக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டே ஸ்டாண்டர்டுக்கு மாற்றிவைத்தேன்.

பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். 55 வாங்கியிருக்கலாம் என்று ஆரம்பித்தான். அப்பா போட்டோ இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிள்ளைகளுக்காகத் தன் கணக்கில் உள்ளே போய் ஏதோ கார்ட்டூன் வைத்தான். அம்மா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாருங்க, பாருங்க. ஏழரைக்கு என் சீரியல், அதுக்குள்ள முடிச்சிருங்க" என்றாள். ரிமோட்டை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டாள்.