கக்கத்தில் ஒரு நோட்டு

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, அந்த ஊர் ஃபுட்பாலைப் பார்க்கப் பேரன்தான் சொல்லிக் கொடுத்தான். நம் கால்பந்து இல்லை. பெரும்பாலும் கையில்தான் ஆடுகிறார்கள். எதிரணி வீசும் பந்தைப் பாய்ந்து பறிக்கும் தற்காப்பு ஆட்டக்காரர்களை எனக்குப் பிடித்துப்போனது. அப்படித்தான் டிக் லேன் கதைக்கு வந்தேன்.

குழந்தையிலேயே கைவிடப்பட்டு, ஒரு விதவைத் தாய் எடுத்து வளர்த்த பிள்ளை. நான்கு வருஷம் ராணுவம். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் விமானத் தொழிற்சாலை. 'ஃபைலர்' வேலை என்றதும் கோப்பு அடுக்கும் குமாஸ்தா என்று நினைத்துப் போனாராம். அடுக்கியதோ எண்ணெய் சொட்டும் உலோகத் தகடுகள்!

1952இல் ஒருநாள், பஸ்ஸில் போகும்போது பார்த்து வைத்திருந்த ராம்ஸ் அணி அலுவலகத்துக்குள் நுழைந்தார். கக்கத்தில், தன் ஆட்டத்தைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிய நோட்டு. வாய்ப்புக் கொடுத்தார்கள். பந்து பிடிக்கும் இடத்தில் ஏற்கெனவே பெரிய ஆட்கள். ஆகவே தற்காப்புக்கு மாற்றினார்கள். முதல் வருஷமே 12 ஆட்டங்களில் 14 பந்துகளைப் பறித்தார். இப்போது 17 ஆட்டங்கள் ஆடுகிறார்கள். அதை யாரும் தாண்டவில்லை. சக வீரர் டாம் ஃபியர்ஸ் ஓயாமல் போட்ட இசைத்தட்டால் 'நைட் டிரெயின்' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

1971இல் நானும் சர்டிபிகேட் ஃபைலோடு சென்னையில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் நின்றேன். "யாரைப் பார்க்கணும்?" என்றார் வாட்ச்மேன். "சும்மாதான்" என்று திரும்பிவிட்டேன். ஆள் எடுக்கவில்லையாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

பேரனிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.