சாக்குக்கட்டி காட்டிய கோடு

குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்பது தஞ்சைத் தரணியில் பள்ளிப்பிள்ளையும் அறிந்த கணக்கு. அக்கணக்கு தவறும் ஆண்டுகளில் உழவரின் நம்பிக்கை ஆற்றைவிட்டு நிலத்தடி நீருக்கு மாறும். ஆற்றோர மணற்படுகையில் இறக்கிய பில்டர் பாயிண்டிலிருந்து நீர் இறைத்து நாற்றங்காலைக் காப்பதே அப்போது அவருக்குள்ள வழி.

2012 அத்தகைய ஆண்டு. ஜூனில் திறக்க வேண்டிய அணை செப்டம்பரில்தான் திறந்தது. உழவர்க்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் அது இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரமே மிகுதியாயிருந்த காலம் அது. மின்மோட்டார் வந்தபின் மாட்டுக்கொட்டகையில் ஒதுக்கப்பட்ட பழைய ஆயில் இன்ஜின்களுக்கு அவ்வாண்டு மீண்டும் மதிப்பு வந்தது.

குடமுருட்டிக் கரையிலுள்ள நம் கொட்டகையிலும் மர்ஹூம் அத்தா அவர்கள் வாங்கிய இன்ஜின் ஒன்று கிடந்தது. இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனியார் 1930ஐ ஒட்டி வெளியிட்ட அமைப்பைப் பின்பற்றி ராஜ்கோட்டுப் பட்டறைகள் செய்த வகை அது. 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, இருபுறமும் கனத்த சக்கரங்கள். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. பிரித்துப் பூட்டுவதும் எளிது. பல்லாண்டு கிடந்தபின்னும் அவை உயிர்பெறுவதன் இரகசியம் இதுவே.

அதைச் செப்பனிட்டு விற்பதென்று முடிவு செய்து, ஊரின் பழைய மேஸ்திரி ஒருவரைத் துணைக்கு அழைத்தோம். இறுகிப்போன பிஸ்டன்மீது மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இளக்கினார். ரிங்குகளை மாற்றினோம், வால்வுகளைப் பசை தடவித் தேய்த்து உட்காரவைத்தோம், நாசிலைக் கழற்றிக் கழுவினோம். கடைசியில் மேஸ்திரி இன்ஜினின் ஹெட்டில் மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்குக்கட்டியைத் தேய்த்தார். சற்று நேரத்தில் வெண்மையின் நடுவே மயிரிழைபோல ஒரு கருங்கோடு எழுந்தது. இரும்பின் வெடிப்புக்குள் தங்கிய எண்ணெய் சாக்குத்தூளில் ஊறி, வெடிப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நீர் வரத்து நின்று கொதித்துப்போன இன்ஜினில் என்றோ ஒருநாள் குளிர்ந்த நீர் பாய்ந்திருக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு ஓட்டினால் காலம் தள்ளும். விடாமல் ஓட்டினால் விரிந்துவிடும்" என்றார் மேஸ்திரி.

புது ஹெட் வரவழைத்தால் செலவு, நாளும் ஆகும். நாம் பச்சை வர்ணம் அடித்தோம். கோடு மறைந்தது.

அக்கரையிலிருந்து ஓர் உழவர் வந்தார். 3 ஏக்கர் குறுவைக்கு, ஏக்கருக்கு 8 சென்ட் கணக்கில், 24 சென்ட் நாற்றங்கால் விட்டிருந்தார். ஹேண்டிலைச் சுற்றி லிவரைத் தட்டியதும் இன்ஜின் சீராக ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. கேட்ட விலையைக் கொடுத்தார். வெடிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே என்று நெஞ்சுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்ட நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்கள். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் கண்டித்தார்கள். அந்த வணிகர் பொய் ஏதும் சொல்லிவிடவில்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவே. நம் வர்ணத்துக்கு அடியிலும் ஒரு கோடு இருந்தது.

தொழுகை முடிந்ததும் அக்கரைக்குப் போனோம். இன்ஜின் நின்றுபோயிருந்தது. மின்சாரம் இல்லாத இரவில் விடிய விடிய ஓட்டியதில் ஹெட் விரிந்து, நீர் உள்ளே இறங்கிவிட்டது. நாற்றங்காலில் பாதி காய்ந்து கிடந்தது. வெடிப்பு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், பாய். எனக்கு வேறு வழி ஏது? நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருப்பேன்" என்றார் பிறகு.

வசை பொழிந்திருந்தாலும் அவ்வளவு வலித்திராது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். புது ஹெட் வரவழைத்து மாட்டியும் தந்தோம். காய்ந்த நாற்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். பழுதுள்ள துணியை அதன் பழுதைச் சொல்லியே விற்கும்படி கூட்டாளியிடம் சொல்லியிருந்தும், அவர் மறந்து விற்றுவிட, கிடைத்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறும். அதை ஒரு பெரியாரின் பேணுதல் என்று மட்டுமே நாம் எண்ணியிருந்தோம். ஐபைச் சொல்வது விலையைக் குறைத்துக்கொள்வதற்கு மட்டுமன்று, வாங்குபவர் அப்பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்று அறிந்துகொள்வதற்கும்தான் என்பதை அக்கரை உழவர்தாம் நமக்குக் கற்பித்தார்.

அதன்பின் இன்னும் சில இன்ஜின்கள் நம் கொட்டகை வழியாகப் போயிருக்கின்றன. வர்ணம் அடிக்கவே செய்கிறோம். ஆனால் வெடிப்புள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சாக்குக்கட்டியால் வட்டமிட்டு, வாங்க வருபவரின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டுகிறோம். விலை சற்றுக் குறைகிறது, குறையட்டும்.